வெள்ளாமைக்கு ஓர் இங்கிலீஷ் சொல்

லோவு கிராமத்தில் பதினொரு குத்தகைக் குடும்பங்களுக்கும் ஒரே நாளில் ஒரே மாதிரியான கடிதம் வந்தது. 1987, ஆகஸ்ட் மாதக் கடைசி. ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே கடலில் கிடக்கும் அந்தத் தீவு நாட்டில் மே மாதம் பட்டாளம் ஆட்சியைப் பிடித்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அந்த வருஷம் நாடு இருந்த இருப்பில் கரும்பு வெட்டே தாமதமாகத்தான் தொடங்கியது. பதினொரு வயலிலும் கரும்பு ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து அப்படியே நின்றிருந்தது.

கடிதம் இங்கிலீஷில் இருந்தது. சிவனுடைய லாரிக் கொட்டகையில் எல்லோரும் கூடினார்கள். சிவன் அந்தப் பகுதி கரும்பு வெட்டும் ஆட்களுக்கு சர்தார், அதாவது மேஸ்திரி, அவர் சொல்லைத் தட்டுவாரில்லை. அவருடைய மச்சான் மகேந்திரா மார்டின்டாரில் ஒரு ஹோட்டலின் வரவேற்பு மேஜையில் வேலை பார்ப்பவன். நாள் முழுக்க வெள்ளைக்காரர்களோடு பேசுகிறவன் என்பதால் கடிதம் முதலில் அவன் கைக்குத்தான் போனது.

"ஒண்ணும் பயமில்ல மாமா," என்றான் மகேந்திரா. "செப்டம்பர் முப்பதாந் தேதி குத்தகையை டிட்டர்மின் பண்றாங்களாம். டிட்டர்மின்னா முடிவு பண்றது. அன்னிக்குக் கூப்பிட்டு வெச்சு எவ்ளோ, இன்னான்னு பேசி முடிவு பண்ணுவாங்க."

கொட்டகையில் பெருமூச்சு கிளம்பியது. ஓரமாக நின்றிருந்த பெண்களில் ஒருத்தி மட்டும் நகரவில்லை. அவள் சரோஜ்.

"அந்தப் பேப்பரை இப்டி குடு தம்பி," என்றாள்.

அவள் புருஷன் ஏழுமலை தரையைப் பார்த்தார். கத்தியைப் பிடித்தால் நாளுக்கு மூன்று பேர் வெட்டுவதை ஒருவராக வெட்டுகிற மனுஷர். ஆனால் நாலு பேர் நடுவில் பெண்டாட்டியின் இங்கிலீஷ் பற்றிப் பேச்சு வந்தால் மட்டும் அவருக்குக் காது சிவந்துவிடும். 'டிக்சனரி சரோஜ்' என்று ஊரில் அவளுக்குப் பெயர். அதைச் சொல்லும்போது யாரும் சிரிக்காமல் சொன்னதில்லை.

கல்யாணமான புதிதில் சரோஜ் லௌட்டோகா டவுனில் சர்க்கரை ஆலை துரை ஒருவரின் பங்களாவில் பாத்திரம் தேய்த்தாள். துரை குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குத் திரும்பியபோது வேண்டாத சாமான்களை முற்றத்தில் குவித்தார்கள். தையல் மெஷினைச் சமையல்காரர் எடுத்துக்கொண்டார். நாற்காலியைத் தோட்டக்காரன் எடுத்தான். எரிக்கப் போட்டிருந்த குவியலிலிருந்து அட்டை போன ஒரு தடிப் புத்தகத்தை சரோஜ் எடுத்தாள். எதற்கென்று கேட்டதற்கு, "கனமா இருக்கு, நல்லா இருக்கும்" என்றாளாம். அவள் படித்தது ஆறாம் வகுப்பு. பதினைந்து வருஷமாக, உலையில் அரிசி கொதிக்கிற நேரத்தில் ஒரு நாளைக்கு அரைப் பக்கம். முதல் சுற்று முடிக்க ஆறு வருஷம் பிடித்தது. ஒரு சொல்லின் அர்த்தத்தில் இன்னொரு தெரியாத சொல் வரும், அதைத் தேடிப் போனால் அங்கே மூன்றாவது ஒன்று நிற்கும். விடமாட்டாள். புரிந்ததும் பென்சிலை நாக்கில் தொட்டு ஓரத்தில் தமிழ் எழுத்தில் எழுதி வைப்பாள். பேச வராது. பேசிப் பார்க்க ஆளும் இல்லை. ஆனால் கண்ணால் பார்த்த சொல்லை அவள் மறந்ததில்லை.

கடிதத்தை இரண்டு தரம் படித்தாள்.

"டிட்டர்மினுக்கு ரெண்டு அர்த்தம் கீது," என்றாள். "முடிவு பண்றது ஒண்ணு. முடிச்சிப்புடறது இன்னொண்ணு. கோர்ட்டு பேப்பர்ல வந்தா ரெண்டாவதுதான். செப்டம்பர் முப்பதோட நம்ப குத்தகை தீந்துபோச்சுன்னு எழுதியிருக்கான்."

"அக்கா, நான் தெனம் பேசற இங்கிலீஷ் இது," என்றான் மகேந்திரா.

"நீ பேசற இங்கிலீஷ் வேற தம்பி. கீழ பாரு. வேகேட்னு போட்டிருக்கு. நீயே உன் ஹோட்டல்ல ரூமைக் காலி பண்ணச் சொல்றதுக்கு இன்னா சொல்லுவே?"

மகேந்திரா கீழே பார்த்தான். அப்புறம் சிவனைப் பார்த்தான். யாரும் சிரிக்கவில்லை.

விஷயம் மறுநாளே தெரிந்துபோயிற்று. நிலத்துக்குச் சொந்தக்காரர் லௌட்டோகா கோவிந்த். அவருடைய அப்பா காலத்தில் வாங்கிய நிலம். இந்திய வம்சத்தவர்களுக்கு எதிராகக் கலவரம் வந்ததும் அவர் எல்லாவற்றையும் விற்றுவிட்டுக் கனடா போகத் தீர்மானித்துவிட்டார். கடலைப் பார்த்த நிலம் என்பதால் சிட்னியில் ஒரு ஹோட்டல் கம்பெனி கேட்டது. அக்டோபரில் வெறும் தரையாகக் கேட்டது.

மக்கள் வக்கீலைத் தேடிப் போனார்கள். கதவில் பூட்டு. பெயர்ப்பலகை இருந்த இடத்தில் நாலு ஆணித் துளைகள். பக்கத்து டெய்லர், "அவங்க ஆக்லாந்து போய் ஒரு மாசமாச்சே" என்றார். இன்னொரு வக்கீல் இருந்தார். அவர் மேஜை மேலேயே பெட்டி கட்டி வைத்திருந்தார், கேஸ் எடுக்க முடியாதென்று கையெடுத்துக் கும்பிட்டார்.

திரும்பி வந்த அன்று சிவன் தகரப் பெட்டியைத் திறந்து பதினொரு குடும்பத்துக்கும் சேர்த்து 1957-ல் எழுதிய குத்தகைப் பத்திரத்தை எடுத்து சரோஜிடம் நீட்டினார்.

"வக்கீலுங்கல்லாம் ஏரோப்ளேன் ஏறிட்டாங்க. நீதான் பாக்கணும், தங்கச்சி. ஒரு எழுத்து விடாமப் பாரு."

ஒன்பது பக்கம். ஏழாவது பக்கத்தில் அவள் விரல் நின்றது. சொந்தக்காரர் முப்பது நாள் நோட்டீஸ் கொடுத்துக் குத்தகையை எப்போது வேண்டுமானாலும் முடிக்கலாம், ஆனால் குத்தகைக்காரனுக்கு உரிய எம்பிள்மென்ட்ஸ் நீங்கலாக. அந்த வாக்கியத்தை மகேந்திராவும் படித்திருந்தான். எம்பிளம் என்றால் சின்னம், முத்திரை. வாசலில் பெயர்ப்பலகை ஏதாவது வைத்திருந்தால் கழற்றிக்கொண்டு போகலாம் என்று எழுதியிருக்கிறது என்பது அவன் எண்ணம். பதினொரு வீட்டில் ஒரு வீட்டிலும் பெயர்ப்பலகை கிடையாது.

சரோஜ் புத்தகத்தைப் புரட்டினாள். எம்பிளம் இருந்தது. அதற்கு அடுத்த வரியிலேயே, நாலு வரி அர்த்தத்தோடு, அந்தச் சொல் இருந்தது. ஓரத்தில் அவளே என்றைக்கோ எழுதியதும் இருந்தது: 'வெச்சவன் வெள்ளாமை. நெலம் கைவிட்டாலும் அவனுக்கே.'

அந்த நாலு வரியையும் எழுத்துக் கூட்டி மறுபடி படித்தாள். விதைத்த நிலத்தின் பலன். குத்தகைக்காரன் உழைத்து விளைவித்தது. குத்தகை எதிர்பாராமல் முடிந்துபோனாலும் திரும்ப வந்து அறுத்துக்கொண்டு போக அவனுக்கு உரிமை உண்டு.

"ஏங்க," என்று கூப்பிட்டாள். ஏழுமலை வந்தார். அவள் தமிழில் சொன்னதைக் கேட்டுவிட்டு வயலைப் பார்த்தார். அப்புறம் புத்தகத்தைப் பார்த்தார். பதினைந்து வருஷத்தில் அன்றுதான் அவர் அதைத் தொட்டார்.

"இதுக்கெல்லாமா இங்கிலீஷ்ல ஒரு சொல்லு வெச்சிருக்கான்?" என்றார்.

"வெச்சிருக்கான்."

"அப்டின்னா, போய்ச் சொல்லு. நான் கூட வரேன்."

லௌட்டோகா போகிற வழியில் பட்டாளத்தார் பஸ்ஸை நிறுத்திச் சோதித்தார்கள். சரோஜ் மடியிலிருந்த துணி மூட்டையைக் கண்ட அந்த மண்ணின் பூர்வகுடியான ஒரு காய்வீத்திச் சிப்பாய், "ஈ கோன்ச்சி ஹே?" என்று மூட்டையில் என்னவென்பதை ஹிந்தியில் கேட்டான். அவள் அவிழ்த்துக் காட்டினாள். அட்டையில்லாத புத்தகத்தை அவன் துப்பாக்கியைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு வாங்கிப் புரட்டினான். என்ன தோன்றியதோ, "கர்ஃபியூ இருக்கா இதில்?" என்றான்.

சரோஜ் பக்கத்தை எடுத்துக் கொடுத்தாள். அவன் வாய்விட்டுப் படித்தான். சாயங்காலம் அடிக்கிற மணி, வீட்டில் அடுப்பை மூடச் சொல்லும் மணி என்றிருந்தது. சிப்பாய் இன்னொரு தரம் படித்தான், சிரித்தான், புத்தகத்தை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தான். பஸ் நகர்ந்த பிறகு ஏழுமலை, "பக்கத்தை டக்குனு எடுத்துட்டே!" என்றார். அவர் குரலில் வேறு என்னவோ இருந்ததை சரோஜ் கவனித்தாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கோவிந்த் வீடு பார்க்க வான்கூவர் போயிருந்தார். ஆஃபீஸில் இருந்தது அவருடைய மேனேஜர் பாலசுப்பிரமணி. முப்பத்திரண்டு வயது. தலைநகர் சுவாவில் படித்தவர், டை கட்டியவர்.

"அக்கா, உக்காருங்க," என்றார் மரியாதையாகவே. பத்திரத்தைப் பார்த்தார். அலமாரியிலிருந்து பளபளவென்று ஒரு புது டிக்சனரியை எடுத்துப் புரட்டினார். "பாருங்க. எம்பிளம் இருக்கு. நீங்க சொல்ற சொல்லே இல்ல. வக்கீல் ஆஃபீஸ்ல டைப் அடிச்சவன் தப்பா அடிச்சிருப்பான்."

சரோஜ் தன் புத்தகத்தைத் திறந்து அவர் பக்கம் திருப்பி வைத்தாள். அவர் படித்தார். முகம் ஒரு கணம் மாறியது. உடனே சரிசெய்துகொண்டார்.

"இது எந்தக் காலத்துப் புஸ்தகம்? இந்தச் சொல்லெல்லாம் செத்துப்போச்சு அக்கா. இப்ப யாரும் சொல்றதில்ல."

"இந்தப் பத்திரம் எந்த வருஷம் எழுதினது, தம்பி?"

"அம்பத்தேழு."

"அந்த வருஷம் அந்தச் சொல்லு உசிரோட இருந்துது இல்ல? எழுதினவங்க இன்னா நெனச்சி எழுதினாங்கன்னுதானே பாக்கணும்? முப்பது வருஷம் கழிச்சி நீங்க வாங்கின புஸ்தகத்தைக் கேட்டா அதுக்கு இன்னா தெரியும்?"

பாலசுப்பிரமணி புது டிக்சனரியை அலமாரியில் திருப்பி வைத்தார். "முதலாளி வந்ததும் சொல்றேன். ஆனா முப்பதாந் தேதிக்கு மேல ஒரு நாள் கிடையாது," என்று எழுந்துகொண்டார்.

அவர்கள் வெட்டத் தொடங்கினார்கள். ஆனால் ஆலையில் ஒவ்வொரு வெட்டுக் கூட்டத்துக்கும் முறை உண்டு. இன்ன நாள் இத்தனை லாரி என்று கணக்கு, அவசரம் என்று ஒரேயடியாக வெட்டிக் கொண்டுபோய்க் கொட்ட முடியாது. செப்டம்பர் கடைசிக்குள் நாலில் ஒரு பங்கு வெட்டினால் அதிகம். அப்படியிருக்க, இருபத்தைந்தாம் தேதி வெள்ளிக்கிழமை ரேடியோவில் மறுபடியும் ராணுவப் பாட்டு. பட்டாளம் இரண்டாம் தடவையாக ஆட்சியை எடுத்துக்கொண்டது.

அன்று சாயங்காலம் சிவனுக்கே மனம் தளர்ந்துவிட்டது. "சட்டமே போச்சுங்கறான். நாம எந்தச் சொல்லைப் புடிச்சித் தொங்கறது?"

சரோஜ் மகேந்திராவைக் கூப்பிட்டாள். "தம்பி, உங்க ஹோட்டல்ல டைப் மெஷின் கீது இல்ல? அந்த சிட்னி கம்பெனியோட விலாசம் உனக்குக் கெடைக்குமா?"

"அவங்க வக்கீலோட விலாசமே கெடைக்கும் அக்கா. ரெண்டு தடவ நம்ப ஹோட்டல்லதான் தங்கினான்."

"நான் சொல்றேன், நீ எழுது. எங்கியாவது நான் தப்பாச் சொன்னா நீ திருத்து. ஆனா அந்த ஒரு சொல்லை மட்டும் தொடாத."

மகேந்திரா தொடவில்லை. ஒரு பக்கக் கடிதம். பத்திரத்தின் ஏழாவது பக்கம், அந்த வாக்கியம், அதன் அர்த்தம், நிலத்தில் நிற்கிற கரும்பு. கீழே பதினொரு பேர் கையெழுத்து. அவர்களில் நாலு பேர் கைநாட்டு. உறையில் போட்டு ஒட்டாமல் சரோஜ் வைத்துக்கொண்டாள்.

அக்டோபர் முதல் தேதி காலையில் புல்டோசர் வந்தது. முன்னால் ஜீப்பில் பாலசுப்பிரமணி. கரும்புத் தோகைக்கு மேல் மஞ்சள் இரும்பு தெரிந்ததும் கத்தியும் கையுமாக இருந்தவர்கள் எல்லோரும் ஓடிவந்தார்கள்.

"கத்தியெல்லாம் கீழ போடுங்க," என்றாள் சரோஜ். குரல் உயர்த்தவில்லை. ஏழுமலை முதலில் போட்டார். மற்றவர்களும் போட்டார்கள். அவள் வயலின் முன்வரப்பில் போய் நின்றாள். பக்கத்தில் ஏழுமலை. அப்புறம் சிவனும், அன்று லீவு போட்டு வந்திருந்த மகேந்திராவும். அப்புறம் பெண்கள்.

புல்டோசர் ஓட்டிவந்த காய்வீத்திக்காரர் ஆட்களைப் பார்த்தார், இன்ஜினை நிறுத்தினார். கீழே இறங்கி மாமர நிழலில் உட்கார்ந்துவிட்டார். "ஆளு மேல ஏத்த எனக்குக் கூலி பேசலை" என்று மட்டும் சொன்னார்.

"அக்கா, நீங்க படிச்சவங்க," என்றார் பாலசுப்பிரமணி. "நாட்டுல இன்னா நடக்குதுன்னு தெரியாதா? அரசியல் சட்டத்தையே கிழிச்சுப் போட்டாங்க. இனிமே பழைய பேப்பரெல்லாம் செல்லாது."

"நாட்டுக்காரங்க எழுதின சட்டத்தை நாட்டுக்காரங்க கிழிச்சாங்க. இது அவங்க எழுதினதில்ல. கோவிந்த் ஐயா வீட்டுல எழுதினது. அதை அவர்தான் கிழிக்கணும். வரச் சொல்லுங்க."

பாலசுப்பிரமணி ஜீப்பைத் திருப்பிக்கொண்டு போனார். எல்லோரும் வெயிலில் நின்றார்கள். ஒரு மணி நேரத்துக்கும் மேலாயிற்று. யாரும் நகரவில்லை.

கோவிந்த் முந்தின நாள்தான் விமானத்திலிருந்து இறங்கியிருந்தார். ஐம்பதைத் தொட்டவர், கனத்த உடம்பு, கண்ணில் தூக்கமில்லை. பின்னால் மேனேஜரின் ஜீப் வந்து நிற்க, அவர் காரிலிருந்து இறங்கி நேராக சரோஜிடம் வந்தார்.

"நீதான் டிக்சனரி சரோஜா?"

"ஆமாங்க ஐயா."

"படி. நான் கேக்கணும்."

அவள் பத்திரத்து வாக்கியத்தைப் படித்தாள். அப்புறம் புத்தகத்திலிருந்த அர்த்தத்தைப் படித்தாள். பதினைந்து வருஷமாக வாய்க்குள்ளேயே படித்து வந்த இங்கிலீஷ் அது. சத்தமாக வெளியே வந்தபோது கரடுமுரடாகத்தான் இருந்தது. இரண்டு சொல்லில் திக்கினாள். மகேந்திரா வாயசைத்தான், எடுத்துக்கொடுக்கவில்லை. அவளே தாண்டினாள். ஒரு சொல்லையும் விடவில்லை.

கோவிந்த் பத்திரத்தை வாங்கிக் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். அங்கே அவருடைய அப்பாவின் கையெழுத்து. கீழே சாட்சியாக இருபது வயது கோவிந்தின் கையெழுத்து.

"இதை நான்தான் அப்பாவுக்குப் படிச்சிக் காட்டினேன்," என்றார். "இந்தச் சொல்லு எனக்குப் புரியலை. வெள்ளைக்கார வக்கீல்கிட்ட இன்னான்னு கேட்டேன். 'அதொண்ணுமில்ல, உழறவன் விவகாரம்'னான். நான் மேல கேக்கலை." கொஞ்ச நேரம் கரும்பைப் பார்த்தார். "எனக்கு அக்டோபர்ல நெலம் குடுத்தாகணும், அம்மா. வாக்குக் குடுத்திட்டேன்."

சரோஜ் இடுப்பிலிருந்து உறையை எடுத்தாள்.

"இது சிட்னி வக்கீலுக்கு எழுதினது. இன்னும் போஸ்ட் பண்ணலை. போஸ்ட் பண்ணா, இந்தச் சொல்லுக்கு அவரும் புஸ்தகத்தைப் பாப்பார். பாத்தா, சண்டை இருக்கற நெலத்தை வாங்குவாரான்னு தெரியாது. நாங்க நெலம் கேக்கலைங்க ஐயா. அது உங்களுது, நீங்க வித்துக்குங்க. நாங்க நட்டதை நாங்க வெட்டிக்கறோம். ஆலை முறைப்படி டிசம்பர்ல முடிஞ்சிடும். வெட்டினதும் போயிடறோம்."

கோவிந்த் உறையிலிருந்து கடிதத்தை எடுத்துப் படித்தார். நிதானமாக, அடிவரைக்கும்.

"இதை யார் எழுதினது?"

"நான் சொன்னேன். தம்பி டைப் பண்ணுச்சு."

"எது வரைக்கும் படிச்சிருக்கே?"

"ஆறாங் கிளாஸ்."

அவர் மேனேஜர் பக்கம் திரும்பினார். "சுப்பிரமணி, சிட்னிக்குத் தந்தி குடு. டிசம்பர் கடைசின்னு சொல்லு. முடியாதுன்னா வேற நெலம் பாக்கட்டும்." ஜீப்பின் இன்ஜின் மூடிமேல் காகிதத்தை வைத்து டிசம்பர் முப்பத்தொன்று வரை என்று தன் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, காகிதத்தை சிவனிடம் கொடுக்காமல் சரோஜிடம் கொடுத்தார். "படிச்சிப் பாத்துக்கோ. தப்பிருந்தா சொல்லு."

அவள் படித்துப் பார்த்தாள். ஒரு இடத்தில் வருஷம் விட்டுப்போயிருந்தது. சொன்னாள். கோவிந்த் பேனாவைத் திறந்து எழுதிக் கொடுத்தார்.

கார் போனது. அப்புறம் சிவனின் பெண்டாட்டி சரோஜின் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். புல்டோசர்காரருக்கு யாரோ டீ கொண்டுபோய்க் கொடுத்தார்கள். கீழே போட்ட கத்திகளை எடுத்துக்கொண்டு ஆட்கள் வயலுக்குள் இறங்கினார்கள்.

அந்தப் பதினொரு குடும்பத்தில் ஐந்து குடும்பம் அடுத்த வருஷத்துக்குள் வெளிநாடு போயிற்று. சிவன் மகளோடு வான்கூவருக்கு, மகேந்திரா பிரிஸ்பேனுக்கு. ஏழுமலையும் சரோஜும் போகவில்லை. நவுவாவில் ஆற்றோரமாகக் கொஞ்சம் நிலம் பிடித்து நெல்லும் தலோக் கிழங்கும் போட்டார்கள். போனவர்கள், போகாதவர்கள் யாராக இருந்தாலும் அந்த வருஷத்துக் கரும்பில் ஒரு கட்டைக்கூட லோவு மண்ணில் விட்டுவிட்டுப் போகவில்லை. இரண்டு முறை பட்டாளம் வந்த வருஷத்தில், வக்கீலில்லாமல், கோர்ட்டில்லாமல், ஒரு கல் எறியாமல், தங்கள் வெள்ளாமையைத் தாங்களே வெட்டி ஆலைக்கு அனுப்பினார்கள்.

கடைசி லாரி டிசம்பர் பதினெட்டாம் தேதி போனது. ஏழுமலை வயலின் கரும்பு. அவர் டிரைவர் பக்கத்திலும் சரோஜ் ஜன்னலோரத்திலுமாக உட்கார்ந்து போனார்கள். ஆலை வாசலில் லாரிகள் நீளமாக நின்றன. எடைமேடையில் குமாஸ்தா குனிந்தபடியே, "யார் கரும்பு?" என்று கேட்டான்.

"சரோஜ் கரும்பு," என்றார் ஏழுமலை.

குமாஸ்தா ரெஜிஸ்டரைப் புரட்டினான். "அந்தப் பேர்ல ஒண்ணும் இல்லையே. ஏழுமலைன்னுதானே இருக்கு?"

"புஸ்தகத்துல அப்டியே இருக்கட்டும். நீ யாருதுன்னு கேட்டே, சொன்னேன்." ஏழுமலை டிரைவரை இறங்கவைத்து அந்தப் பக்கக் கதவு வழியாக இறங்கினார். பின்னால் வரிசையில் நின்ற மற்ற டிரைவர்களுக்கும் கேட்கும்படி இன்னும் உரக்கச் சொன்னார். "என் பெண்டாட்டி. எம்பிலிமெண்டுன்னா இன்னான்னு லௌட்டோகாவுல ஒருத்தனுக்கும் தெரியலை. அவளுக்குத் தெரிஞ்சிது."

அவர் அந்தச் சொல்லைத் தப்பாகத்தான் உச்சரித்தார். சரோஜ் திருத்தவில்லை. ஜன்னலில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, கொக்கி கீழிறங்கிக் கரும்புக் கட்டைத் தூக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.